பால் தருமம்

"புதுசா ஒரு பிள்ளைக்கும் இந்த வருஷம் பால் கிடையாது தாயே. நீங்களே வந்து கேட்டாலும் இல்லைதான்."

காத்தமுத்து ஆட்டுப்பட்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் அன்று பிறந்த வெள்ளாட்டுக் குட்டி ஒன்று கிடந்தது.

உமையாள் அம்மை படலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மடத்துக்குத் தலைவி, அவனுக்குக் குரு. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதனால் அவன் கொஞ்சம் வாயாடுவான், அவளும் கண்டுகொள்ளமாட்டாள்.

தாயில்லாப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கவென்று யாரோ ஒரு புண்ணியவதி எப்போதோ மடத்துக்கு விட்டுப்போன மந்தை அது. காத்தமுத்துவுக்கு முன்பு அதைப் பார்த்துக்கொண்டவர் நல்ல மனுஷர். அதுதான் வினை. கலியாணத்துக்கு ஒரு கிடா, காதுகுத்துக்கு ஒரு கிடா என்று கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். கடைசியில் பெட்டை ஆடுகளிலும் கை வைத்தார். பட்டியில் நாலைந்து கிழடுகள்தான் மிஞ்சின.

அந்த வருஷம் மழை பொய்த்தது. காத்தமுத்துவின் தங்கை பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். அவள் பிள்ளைக்கு ஒரு சங்குப் பால் கேட்டு மடத்துக்கு ஓடிவந்தான். கறக்க ஆடு இல்லை.

பிள்ளையைப் புதைத்த கையோடு அம்மையிடம் வந்து, மந்தையைத் தன் பொறுப்பில் கேட்டு வாங்கிக்கொண்டான். இனி இந்தப் பட்டியில் பால் வற்றக் கூடாது. வருஷங்கள் போயும் அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

"மந்தை நல்லாப் பெருகியிருக்கே," என்றாள் அம்மை.

"பின்னே? பெட்டைக்குட்டி ஒண்ணைக்கூட வெளியே விடல. பாலையும் குட்டிங்களுக்கே விட்டுடறேன். அதுங்க தேறினாத்தானே நாளைக்கு மடி நிறையும்?"

"எப்போ போதும்னு சொல்லுவே?"

"எந்தப் பஞ்சம் வந்தாலும் தாங்கும்னு ஆனப்புறம்."

"எந்தப் பஞ்சம்?"

அவன் குட்டியின் முதுகைத் தடவினான். பஞ்சத்துக்கு அளவு உண்டா என்ன?

"வாசல்ல உப்பு விக்கிற சடையன் நிக்கிறான்," என்றாள் அம்மை.

"காலையிலேயே வந்தான். பொஞ்சாதி முந்தாநாள் பிரசவத்துல போயிட்டாளாம். கேட்டு எனக்கும் வயிறு எரிஞ்சுது தாயே. ஆனா இளகினா போச்சு. இன்னிக்கு ஒருத்தன், நாளைக்குப் பத்துப் பேர். குட்டிங்க பால்குடி மறக்கட்டும், அப்புறம் வான்னு சொல்லிட்டேன்."

"அதுவரைக்கும் அந்தப் பிள்ளை?"

காத்தமுத்து தலைகுனிந்தான். அவனுக்கு அழுகை வந்தது. அழுதபடியே முடியாது என்று தலையாட்டினான்.

அம்மை வெளியே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு பழந்துணிச் சுருள் இருந்தது. உள்ளே சடையனின் பிள்ளை. அழத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

காத்தமுத்து பார்க்கவில்லை. அருகிலிருந்த கிண்ணத்து மஞ்சளைத் தொட்டு மடியிலிருந்த குட்டியின் நெற்றியில் தடவினான். பட்டியில் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் அப்படித்தான். மஞ்சள் பட்டுவிட்டால் அது தருமத்துச் சொத்து. தாய் ஆடு செத்தால்கூட இன்னொரு ஆட்டின் மடியில் முட்டவிட்டுப் பிழைக்கவைப்பான். மஞ்சள் பட்ட ஒரு குட்டியையும் அவன் பட்டினியில் சாகவிட்டதில்லை. அதில் அவனுக்குக் கர்வமும் உண்டு.

அம்மை குனிந்தாள். அதே கிண்ணத்தில் விரலைத் தோய்த்துப் பிள்ளையின் நெற்றியில் தடவினாள். பிறகு அதை அவன் மடியில், குட்டிக்குப் பக்கத்தில் கிடத்தினாள்.

"இன்னிக்கு மந்தையில சேந்தது எத்தனை?"

"அஞ்சு."

"சரியாப் பார்த்துச் சொல்லு."

காத்தமுத்து மடியைப் பார்த்தான். பிள்ளை, பக்கத்திலிருந்த குட்டியின் காதை வாயில் கவ்விக்கொண்டு சப்பியது.

"ஆறு," என்றான். "என்னால எழுந்திருக்க முடியல. அந்தச் செவலை ஆட்டை இப்படிப் பிடிச்சு விடுங்க தாயே."