இருபத்து நாலாவது வரி

கேட்பவர்களே, விடை தெரிந்துவிட்டது என்று பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். இந்தக் கதையில் யார் எந்தக் கையால் எதைப் பிடித்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கனடாவில், ஸ்காபரோவில் துவாரகன் என்று ஒருவன். வியாழக்கிழமைகளில் நண்பர்களோடு பனித்திடலில் ஹொக்கி ஆடுவான். மற்ற நாட்களில் கணினியில் அதையே நோண்டிக்கொண்டிருப்பான். முப்பது வருடத்துக்கு முந்திய, தொலைக்காட்சியில் கார்ட்ரிஜ் செருகி ஆடும் ஹொக்கி விளையாட்டு ஒன்றின் கோப்பைத் திறந்து, பழைய வீரர்களின் பெயரையெல்லாம் அழித்துவிட்டுத் தன் வியாழக்கிழமைக் கூட்டத்தை அதில் எழுதிவைத்தான். ஆளுக்கொரு வரி. வரியில் பெயர், பிறகு வேகம், பாரம் என்று சில எண்கள். ஒரு எண் மட்டும் எதற்கென்று அவனுக்குப் பிடிபடவில்லை. எல்லோருக்கும் பூச்சியம் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டான். அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது.

பட்டியலின் கடைசி வரி, இருபத்து நாலாவது, ஆண்டுதோறும் தை மாதத்தில் அவன் வீட்டுப் பேஸ்மென்ற்றில், அதாவது நிலத்தடி அறையில், இதே விளையாட்டுக்கு நடக்கும் போட்டியில் வெல்பவருக்கு. ஒன்பது வருடமாக அதில் இருந்த பெயர் யசோதரா. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளராக வேலை. கணுக்காலில் உலோகத் தகடு வைத்திருப்பதால் ஸ்கேட் சப்பாத்து ஏறாது. அவர் பனியில் கால் வைத்ததே இல்லை. அந்தக் கூட்டத்தோடு அவர் சறுக்குவதென்றால் அந்த ஒரு வரியில் மட்டும்தான்.

அவர் வெல்லும் வழியும் ஒன்றேதான். இடப்பக்கத்திலிருந்து கோல் வாசலுக்குக் குறுக்கே சறுக்கிப் போய், கடைசிக் கணத்தில் அடிப்பார். கோல் காவலர் பிந்திவிடுவார். எத்தனை முறை அடித்தாலும் கோல்.

நான்கு முறை இறுதியாட்டத்தில் தோற்றவன் நிமலேசன். அவன் பெயர் ஏற்கெனவே பட்டியலில் உண்டு. ஆனாலும் இரண்டு நிமலேசன்கள் சறுக்குவதைப் பார்க்க அவனுக்கு ஆசை. "மச்சான், அந்த இடப்பக்க ஓட்டையை அடைச்சுத் தா" என்றான். துவாரகன் சரி என்றான். அதே வாரத்தில் யசோதரா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, ஆட்டம் ஓடுற விதத்திலை கை வைக்க மாட்டீர்தானே?"

"இல்லை அக்கா. ஆக்களை மட்டும் உள்ளபடி எழுதுவன்."

ஒரே வாயால் இரண்டு வாக்கு. துவாரகன் கோப்பைத் துருவத் தொடங்கினான். மூன்றாம் நாள் அந்தப் பூச்சியம் வாய் திறந்தது. பூச்சியம் என்றால் வலக்கை ஆட்டக்காரர். ஒன்று என்றால் இடக்கை. மட்டையைப் பிடிக்கும்போது எந்தக் கை கீழே இருக்கிறதோ அதுதான் கணக்கு. ஓரிருவருக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தான். இடப்பக்க வித்தை பலிக்கவில்லை! நிஜத்திலோ வியாழக்கிழமைக் கூட்டத்தில் கோல் அடிக்கும் முன்வரிசையில் ஒருவர் விடாமல் எல்லோரும் இடக்கை. உண்மையை எழுதினால் போதும், இரண்டு வாக்கும் நிறைவேறிவிடும் என்று துள்ளினான்.

ஆனால் யசோதரா? பேனா பிடிப்பது வலக்கையால். அப்படியே விட்டுவிடலாமா? பேனாவுக்கும் மட்டைக்கும் சம்பந்தமில்லை என்பது அவனுக்குத் தெரியும். மட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனான். கூடத்தில் அவர்கள் இருவரைத் தவிர வேறு எவரும் இல்லை.

"அக்கா, இதை ஒருக்காப் பிடிச்சுக் காட்டுங்கோ."

அவர் பிடித்தார். இடக்கை கீழே இருந்தது.

"ஏன் தம்பி?"

அவன் மறைக்கவில்லை. "முன்வரிசையிலை மற்ற எல்லாரும் இடக்கை. உங்களையும் இடக்கை எண்டு எழுதினால் உங்கட வழி அடைபட்டுப் போம், அக்கா."

யசோதரா மட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். கையை மாற்றிப் பிடித்திருந்தால் கேட்க யாருமில்லை. "இதுதானே எனக்கு வசதியாக் கிடக்கு. இடக்கை எண்டே போடும்" என்றார்.

போட்டியன்று துவாரகன் எல்லோருடைய கையையும் எழுதிச் சுவரில் ஒட்டினான். எல்லோரும் வாசித்தார்கள். இறுதியாட்டத்தில் யசோதராவும் நிமலேசனும். பழக்கதோஷம், யசோதரா இரண்டு முறை இடப்பக்கத்திலிருந்தே வந்து அடித்தார். இரண்டையும் காவலர் பிடித்துவிட்டார். நிமலேசன் இரண்டு கோல் முன்னால்.

இடைவேளையில் அவர் எழுந்து போய்ச் சுவர்ப் பட்டியலை மறுபடி வாசித்தார். "எல்லாரும் இடக்கை எண்டால் வாசலை மற்றப் பக்கத்தாலை திறக்கேலாதோ?" என்று வாய்விட்டே கேட்டார்.

"திறந்து பாருங்கோவன்!" நிமலேசன் சிரித்தான்.

அவர் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வந்தார். கோல். மறுபடியும் வந்தார், மறுபடியும் கோல். மூன்றாவதையும் அப்படியே அடித்தார். மூன்றுக்கு இரண்டில் யசோதரா வெல்ல ஆட்டம் முடிந்தது.

நிமலேசன் கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் துவாரகனிடம் திரும்பினான். "நீ ஓட்டையை அடைக்கேல்லை. தூக்கி மற்றப் பக்கம் வைச்சிருக்கிறாய். இந்த ஆட்டம் செல்லாது" என்றான். யசோதரா புறப்படுவதற்குத் தன் குளிர்கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். துவாரகன் இருபத்து நாலாவது வரியைத் திறந்துவிட்டு, விரல் ஓடாமல் உட்கார்ந்திருந்தான்.

அந்த வரி யாருக்குச் சேர வேண்டும்?

யசோதராவுக்குத்தான். நிமலேசனின் குறை நியாயமானது. ஆனால் அது துவாரகன் மேல் உள்ள குறை, ஆட்டத்தின் மேல் உள்ளதல்ல. தன்னால் அடைக்க முடியுமா என்று தெரியாமலே அடைப்பதாகச் சொன்னவன் துவாரகன். வாக்குத் தவறியவன் அவனே. அதை அன்று அவனும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். சுவரில் இருந்த பட்டியலோ இருவருக்கும் பொது. நிமலேசனின் முன்வரிசையும் இடக்கைதான். கேள்வி அவன் காதிலும் விழுந்தது. அவன் சிரித்தான், யசோதரா முயன்று பார்த்தார். அதோடு, மற்றப் பக்கத்தில் வழி இருப்பது தெரிந்துதான் உண்மை சொன்னார் என்றும் கொள்ள முடியாது. தெரிந்திருந்தால் முதல் இரண்டு அடியையும் வீணாக்கியிருக்க மாட்டார். இருந்த ஒரே இடமும் போய்விடும் என்று நம்பிக்கொண்டே கையைக் காட்டினார். ஒன்பது வருடமாக அந்த வரியில் பெயர் மட்டுமே அவருடையது. இந்த வருடம் கையும் அவருடையது.