வடிவக்கா போட்ட ஐஸ் சர்பத்

மலையேறிப் போகிறவர்களுக்கு அந்த மடத்தில் நிழல் கிடைக்கும், பானகம் கிடைக்கும். ஞானமும் கிடைக்கும்தான். ஆனால் சித்திரை வெயிலில் அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

மடம் இருந்தது புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில். சுற்றிலும் எலுமிச்சைத் தோப்பு. மடத்தை நடத்தியவரை ஊர் மடத்தம்மா என்றது. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. குரு என்றால் தலை நரைத்திருக்க வேண்டும் என்று நினைத்து வருகிறவர்கள், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் அவரிடமே "மடத்தம்மா எங்கே?" என்று கேட்டு அசடு வழிவார்கள்.

அவருடைய முதல் சிஷ்யை சங்கரவடிவு. வயது அறுபதை நெருங்கிவிட்டது. குருவே அவளை வடிவக்கா என்றுதான் கூப்பிடுவார். புருஷன் இறந்த பிறகு மடத்துக்கு வந்தவள். பிள்ளை குட்டி கிடையாது. தென்காசியில் ஒரு தம்பி இருந்தான். பொங்கலுக்குப் பொங்கல் போன் பேசுவான்.

மடத்தில் அவளுக்கென்று இருந்தது பானகக் குடம் ஒன்றுதான். சித்திரை பிறந்து தண்ணீர்ப் பந்தல் திறக்கும் நாளில், முதல் தம்ளர் மடத்தம்மாவுக்குப் போக வேண்டும். வெல்லமும் சுக்கும் ஏலமும் மணக்க, அது வடிவக்கா கையால்தான் போகும். மடத்தம்மா குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைப்பார். நன்றாயிருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. அதனாலென்ன? அந்த ஒரு தம்ளருக்காகத்தான் அவள் வருஷம் முழுக்க மடத்தைப் பெருக்கினாள் என்றாலும் பொய்யில்லை.

பங்குனிக் கடைசியில் தமயந்தி வந்து சேர்ந்தாள்.

தூத்துக்குடிக்காரி. புருஷனோடு கூல்பார் நடத்தியவள். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். கடையை மூடிவிட்டு, மிக்ஸியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மடத்துக்கு வந்தாள். துறவுக்கு வருகிறவள் கையில் மிக்ஸி எதற்கு என்று வடிவக்கா அன்றைக்கே நினைத்தாள். நினைத்தது சரியாகப் போயிற்று.

பந்தல் போட வந்த ஆட்கள் வெயிலில் துவண்டு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், தமயந்தி மிக்ஸியை எடுத்தாள்.

ஜாரில் ஐஸ் கட்டியைப் போட்டாள். எலுமிச்சம்பழத்தை நறுக்கி லேசாகப் பிழிந்தாள். சீனிப்பாகு, ஒரு சிட்டிகை உப்பு, நாலு புதினா இலை. மிக்ஸி இரண்டு தடவை உறுமி நின்றது. மூடியைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று பனி. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லார் கையிலும் தம்ளர் இருந்தது.

குளிர் நெற்றிக்கு ஏற, ஆட்கள் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"யக்கா, இன்னொரு தம்ளர்!"

பக்கத்திலேயே பானகம் இருந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வடிவக்கா ஈ விரட்டிக்கொண்டு நின்றாள்.

முன்னே வந்த செவியைப் பின்னே வந்த கொம்பு மறைக்கும் என்பார்கள். செவிக்கு எவ்வளவு எரியும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

அன்றிலிருந்து வடிவக்கா எதிரே யார் வந்தாலும் வைத்தியம் பேசினாள்.

"ஐஸ் குடிச்சா தொண்ட கட்டும். சூட்டு உடம்புக்கு ஆகவே ஆகாது."

"ஆமாக்கா," என்றார் வாசலில் செருப்புப் பார்க்கும் மாடசாமி. "அந்த ஐஸ் அக்கா எங்க? ஒரு தம்ளர் கேக்கணும்."

தமயந்தி சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

"ஒங்க பானகம் மாதிரி எனக்கு வரவே வராதுக்கா. எனக்குச் சொல்லித் தாங்களேன்."

கேலி செய்கிறாள் என்று வடிவக்கா எடுத்துக்கொண்டாள். வயிறு எரிகிறவர்களுக்குப் பாலும் எரிக்கும். "அதெல்லாம் கைப்பக்குவம். மிசினுக்கு வராது," என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பந்தல் திறப்பு நாள் வந்தது. வடிவக்கா விடியுமுன்பே குளித்து, வெல்லத்தைக் கரைத்து, மூன்று தடவை வடிகட்டி, முதல் தம்ளரைத் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தாள். வாசலில் கூட்டம் நின்றது. அவள் தம்ளரைக் கையில் எடுத்தபோது மடத்தம்மா சொன்னார்:

"இந்த வருசம் தமயந்தி கொண்டு வரட்டும்."

வடிவக்கா தம்ளரைக் கீழே வைத்தாள். எப்படி வைத்தாளோ, பாதி சிந்தியது.

தமயந்தி பனி நுரைக்கும் தம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். மடத்தம்மா அண்ணாந்து ஒரு வாய் குடித்தார்.

"ரொம்ப நல்லாருக்கு, தமயந்தி."

மீதியை மாடசாமியிடம் நீட்டினார். "இந்தாரும், நீருதான் வெயில்ல நிக்கீரு."

மாடசாமி குடித்ததும், கூட்டம் நெருக்கியடித்ததும் எதுவும் வடிவக்கா கண்ணில் படவில்லை. காதில் ஒரே ஒரு சொல்தான் நின்றது. ரொம்ப நல்லாருக்கு. இத்தனை வருஷமாக அவளுக்குக் கிடைக்காத சொல். வந்து ஒரு மாசம் ஆகாதவளுக்கு அது ஊர் பார்க்கக் கிடைத்தது.

மத்தியானப் பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் அவள் இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்தாள். மடத்தம்மா கிணற்றடியில் துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி வீட்டுக்குப் போறேம்மா."

"எப்ப வருவீங்க?"

"வரல."

மடத்தம்மா செம்பைக் கீழே வைத்தார். வடிவக்காவுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

"நான் என்ன கொற வச்சேம்மா? சொல்லுங்க. நேத்து வந்தவ. அவளுக்கு மொதத் தம்ளரு. எனக்கு ஊரு முன்னால அவமானம். நேராவே கேக்கேன். ஒங்களுக்கு அவ ஒசத்தியா, நான் ஒசத்தியா?"

கேட்ட பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. அறுபது வயதில் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் பதில் வேண்டியிருந்தது.

"தாகமா இருக்கு," என்றார் மடத்தம்மா. "ஒரு தம்ளர் ஐஸ் சர்பத் போட்டுக் கொண்டாங்க."

"தமயந்தியக் கூப்பிடுதேன்."

"நீங்க போடுங்க."

"எனக்கு அது தெரியாது."

"ஒரு மாசமா அவ கையையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே. தெரியாமலா போகும்?"

வடிவக்கா பையைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

தமயந்தி அங்கே தம்ளர் துடைத்துக்கொண்டிருந்தாள். "நான் போட்டுத் தரட்டாக்கா?"

"எலுமிச்சம்பழம் பிழிய எனக்கு நீ சொல்லித் தரணுமோ?"

தமயந்தி ஒதுங்கி நின்றாள்.

வடிவக்கா எலுமிச்சம்பழத்தை நறுக்கினாள். இத்தனை வருஷத்தில் பானகத்துக்கு அவள் பிழிந்த பழத்தில் ஒரு தோப்பே தேறும். பந்தல் வேலைக்கு உதவ வரும் பெண்களுக்கு அவள்தான் வருஷா வருஷம் சொல்லிக் கொடுப்பாள். "மெதுவா பிழிங்கடி. கசக்கினா கசக்கும்." அப்படிச் சொல்லிவிட்டு, அதைத் தானே மெச்சிச் சிரித்துக்கொள்வாள்.

இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. தமயந்தி போட்டதைவிடப் புளிப்பாக, அதைவிடக் குளிர்ச்சியாக, அதைவிட நுரையாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் மனதில் ஓடியது. பழத்தின் ஒரு மூடியைக் கையில் எடுத்தாள். ஊர் முன்னால் அவமானம் என்று நினைத்துக்கொண்டு நெரித்தாள். சாறு வந்து தீர்ந்தது. ரொம்ப நல்லாருக்கு என்று நினைத்துக்கொண்டு மறுபடி நெரித்தாள். தோலிலிருந்த எண்ணெய் வரைக்கும் கையில் வழிந்தது. விதையோடு எல்லாம் ஜாரில் விழுந்தது. ஐஸ், பாகு, உப்பு, புதினா. எல்லாவற்றிலும் தமயந்தி போடுவதைவிட ஒரு பங்கு கூட.

மிக்ஸி இரண்டு தடவை உறுமினால் போதும். அவள் அதைக் கத்த விட்டாள். விதையெல்லாம் மாவாகிப் போயிற்று.

பனி என்னவோ அழகாகத்தான் வந்தது. தம்ளருக்கு மேலே கோபுரம் மாதிரி நின்றது.

குருவுக்குக் கொடுப்பதை முன்னால் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் எச்சில். மடத்தில் உப்பு பார்ப்பதுகூடக் கிடையாது. ஆகவே வடிவக்கா பார்க்கவில்லை. தம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள்.

மடத்தம்மா வாங்கிக் குடித்தார்.

முதல் வாய். வடிவக்கா அவர் முகத்தையே பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாய். பிறகு நிறுத்தாமல் குடித்தார். அடியில் தங்கிய பனியையும் தட்டி வாயில் விட்டுக்கொண்டார். தம்ளரைக் கவிழ்த்து மேடையில் வைத்தார்.

வடிவக்கா காத்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு சொல் வரும் என்று நின்றாள்.

மடத்தம்மா செம்பை எடுத்து மறுபடி துளசிக்குத் தண்ணீர் விட்டார்.

சொல் வராவிட்டால் போகிறது. மிச்சம் வைக்காமல் குடித்தாரே! தமயந்தி கொடுத்ததில் குடித்தது ஒரு வாய்தானே? வடிவக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுப்படிக்கு வந்து, ஜாரில் மிஞ்சியதைத் தம்ளரில் ஊற்றித் தமயந்தியிடம் நீட்டினாள்.

"நீயும்தான் குடிச்சுப் பாரேன்."

தமயந்தி ஆசையாக வாங்கி ஒரு மடக்கு குடித்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. எப்படியோ விழுங்கினாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா."

"சொல்லுடி."

"வெத கொஞ்சம் அரபட்டுப் போச்சுக்கா. வேற ஒண்ணுமில்ல. குளிர்ச்சியாத்தான் இருக்கு."

வடிவக்கா தம்ளரைப் பிடுங்கி வாயில் ஊற்றினாள். வேப்பங்காயைக் கடித்த மாதிரி கசப்பு நாக்கின் அடிவரைக்கும் இறங்கியது. தொட்டியில் துப்பினாள். தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள். கசப்பு போகவில்லை.

தமயந்தி ஒரு வெல்லத் துண்டை எடுத்து நீட்டினாள். வடிவக்கா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே கிணற்றடிக்கு ஓடினாள்.

"அம்மா! அது குடிக்கிற மாதிரியா இருந்துச்சு? துப்பியிருக்கலாம்லா?"

"குடிக்கத்தானே குடுத்தீங்க."

"மொத வாயிலயே தெரிஞ்சிருக்குமே!"

"தெரிஞ்சுது."

"அப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? நான் பாட்டுக்குப் பெருமையா நின்னுக்கிட்டு இருந்தனே."

மடத்தம்மா குனிந்து துளசிக்குத் தண்ணீர் விட்டார். வடிவக்காவின் கையில் வெல்லம் பிசுபிசுத்தது. அவளுக்குக் கோபம் யார் மேல் என்று தெரியவில்லை.

"அவ குடுத்தது அமிர்தமா இருந்துச்சு. அத ஒரு வாய் குடிச்சிட்டு மாடசாமிகிட்ட நீட்டினீங்க. நான் குடுத்த இந்தக் கசப்ப மட்டும் ஏம்மா ஒரு சொட்டு விடாம குடிச்சீங்க?"

மடத்தம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாருக்கதக் குடிக்க வாசல்ல வரிசையா ஆளு நிக்கி, வடிவக்கா," என்றார். "இதக் குடிக்க என்னைய விட்டா ஒங்களுக்கு யாரு இருக்கா?"