மிலார் ஏன் கேட்காமல் இலை கொட்டுகிறது

செடிகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், நீலமலைச் சரிவொன்றில் நஞ்சி என்பவள் பூந்தோட்டம் வைத்திருந்தாள். ஒரு வருஷம் உறைபனியில் தோட்டம் முழுவதும் கருகிவிட்டது. மிஞ்சியது ஒரு கைப்பிடி காசித்தும்பை விதை. அதை மறு வருஷம் பாத்தியில் தூவி நாற்பது நாற்று எடுத்தாள். இவையும் போனால் அந்தச் சரிவில் காசித்தும்பை என்று ஒன்று இல்லை.

மார்கழியில் பனி உறையத் தொடங்கியதும் தன் கம்பளியை எடுத்து நாற்றுகளின் மேல் போர்த்தினாள். அவள் புருஷன் ஜோகி பார்த்துக்கொண்டு நின்றான்.

"கம்பளி போர்த்தியாச்சு. அப்படியே கஞ்சியும் ஊட்டிவிடு."

"குடிக்கும்னா ஊட்டத்தான் செய்வேன். நீ போய் மாட்டைப் பாரு."

காலையில் கம்பளி நனைந்து விறைத்துப் பலகையாகக் கிடந்தது. அதன் கனத்தில் ஐந்து நாற்றுகள் ஒடிந்திருந்தன.

வரப்பில் மிலார் என்ற காட்டுப்புதர் நின்றது. யாரும் நட்டதல்ல. ஆடுகூடக் கடிக்காது. அதுதான் முதலில் பேசியது.

"கம்பளி படுத்துக்குது நஞ்சி. நிக்கறதுக்கு அதுக்கு எலும்பு இல்ல. என்னை வெட்டி ஊன்று."

"வலிக்காதா?"

"வலிக்கும். ஆனா வேர் இங்கதானே இருக்கு, புதர் மறுபடி துளிர்த்துக்கும். வெட்டின கிளைக்குத்தான் இலை இருக்கிற வரைக்கும் பேச்சு, இலை போனா அதுவும் போச்சு. நீ போதும்னு சொல்ற வரைக்கும் இலையை விடமாட்டேன்."

நஞ்சி கிளைகளை வெட்டி, பாத்தியைச் சுற்றி, நாற்றுகளின் மேல் கவியும்படி சாய்வாக ஊன்றினாள். காலைதோறும் மிலார் பனி படிந்து வெளுத்து நின்றது. வெயில் ஏறுமுன் அவள் அதை உலுக்கிவிட்டாள். உள்ளே முப்பத்தைந்து நாற்றுகளும் பச்சையாக இருந்தன.

தை போய் மாசி வந்தது. பத்து நாளாகப் பனி இல்லை.

"அம்மா, வெளிச்சம்" என்றன நாற்றுகள்.

"இன்னும் ஒரு ராத்திரி போகட்டும்" என்றாள் நஞ்சி. மறுநாளும் அதையே சொன்னாள்.

ஜோகி குனிந்து உள்ளே பார்த்தான். "நூல் மாதிரி நீண்டு வெளுத்துக் கிடக்கு. பனிக்குத் தப்பினது உன் கையில சாகப்போகுது."

"போன வருஷம் கருகினதை அள்ளிக் கொட்டினது நான். நீ இல்ல."

அவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போனான்.

மிலார் சொன்னது: "போதும்னு சொல்லு நஞ்சி. பனியைத் தடுக்கத்தான் வந்தேன். இப்ப வெயிலைத்தான் தடுத்துக்கிட்டு நிக்கிறேன்."

"சொல்லமாட்டேன். நீ வாக்குக் கொடுத்திருக்க."



மறுநாள் உச்சிப்பொழுதில் மிலார் இலைகளை விட்டது. காற்று இல்லை. எல்லாக் கிளைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் இலைகள் இறங்கின. நஞ்சி களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வெளுத்த தண்டுகளின் மேல் வெயில் விழுந்திருந்தது. இலைகளை மடியில் அள்ளி வெறும் குச்சிகளின் மேல் பரப்பினாள். அவை இடைவெளிகளில் நழுவிக் கீழே விழுந்தன.

"ஏன் இப்படிப் பண்ணின?"

குச்சிகளிடம் பேச்சு இல்லை.

அடுத்த நாள் விடியும்போது மெல்லிய பனி ஒன்று விழுந்திருந்தது. எட்டு நாற்றுகளின் நுனி கருகியிருந்தது. நஞ்சி பாத்தியருகே மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். ஜோகி கஞ்சி கொண்டுவந்து வைத்தான்.

ஒரு வாரத்தில் தண்டுகள் தடித்துப் பச்சையேறின. கருகிய எட்டில் ஆறு, கருகலுக்குக் கீழிருந்து துளிர்விட்டன. இரண்டு செத்துப்போயின. பங்குனியில் முதல் பூ வந்தது. நஞ்சி குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வரப்பில் தழைத்துக்கொண்டிருந்த புதரின் அடியில் கொண்டுபோய் வைத்தாள்.

அன்று முதல்தான், பாத்தியின் மேல் ஊன்றிய மிலார் எத்தனை பனி விழுந்தாலும் இலையைப் பிடித்துக்கொண்டிருந்து, மாசி வெயில் ஏறியதும் யாரையும் கேட்காமல் கொட்டிவிடுகிறது. தோட்டம் வைத்திருப்பவர்களும் அன்றைக்கே பாத்தியைத் திறந்துவிடுகிறார்கள், இன்னும் ஒரு பனி பாக்கியிருக்கும் என்று தெரிந்தே.