ஆளில்லாத அறை

ஆராய்ச்சிக்கூடத்தின் விலங்கு நலக் குழுவில் விஞ்ஞானம் தெரியாத ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. ஓய்வுபெற்ற சார்பதிவாளர் நல்லசிவத்திடம் அந்தத் தகுதி நிரம்ப இருந்தது.

பயிற்சி ஒரே நாள். சொல்லிக்கொடுத்தவர் கால்நடை மருத்துவர் ஜமீலா, நல்லசிவத்தின் மகளைவிட இரண்டு வயது இளையவர்.

முழங்காலில் அறுவை செய்து, எலும்பு ஒட்டும் புதுப் பசை ஒன்றைத் தடவிய பன்னிரண்டு முயல்கள் அங்கே இருந்தன. இன்னும் இரண்டு வாரம் வைத்துச் சோதிக்க ஆய்வாளர்கள் அனுமதி கேட்டிருந்தார்கள். வலி இல்லை என்று நல்லசிவம் எழுதினால் அனுமதி. இருக்கிறது என்று எழுதினால் சோதனை அத்தோடு நிற்கும்.

“முயலுக்கு வலிக்குதுன்னு எப்படி டாக்டர் தெரிஞ்சுக்கிறது? அது வாயத் திறந்து சொல்லவா போகுது?”

“உள்ளே போய்ப் பாருங்க சார்.”

ஜமீலா கூட வரவில்லை.

பன்னிரண்டு கூண்டுகள். பன்னிரண்டு முயல்களும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன, காதுகள் விறைத்து. ஒன்றும் தின்னவில்லை. ஒன்றும் கண் சிமிட்டவில்லை. நல்லசிவம் ரப்பர் செருப்புச் சத்தத்தோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. முயலுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் திரும்பாமலே பார்க்கும் என்று அவர் படித்திருந்தார். படிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

படிவத்தில் ‘வலியின் அறிகுறி காணப்படவில்லை’ என்று எழுதிக்கொண்டு வெளியே வந்தார்.

“எல்லாம் நல்லா இருக்கு டாக்டர். பள்ளிக்கூட அசெம்ப்ளி மாதிரி ஒழுங்கு.”

“எவ்வளவு நேரம் பாத்தீங்க?”

“அரை மணி நேரம்.”

“அதுங்க உங்களை?”

நல்லசிவம் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

ஜமீலா அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். நடுவில் மெல்லிய தடுப்புச் சுவர். மேசைமேல் ஒரு திரை, அதில் அதே பன்னிரண்டு கூண்டுகள்.

“சத்தம் போடாம உக்காருங்க.”

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்து முயலின் காதுகள் தாழ்ந்தன. அடுத்ததன் காதுகள். யாரோ அனுமதி கொடுத்ததுபோல ஒவ்வொன்றாக. முதுகுகள் கூனின. கண்கள் கீற்றாகச் சுருங்கின. ஒரு முயல் தன் பின்னங்காலை, அடுத்தவர் கால்போல, தள்ளி வைத்துக்கொண்டது. ஒலிபெருக்கியில் நறநறவென்று ஏதோ கேட்டது.

“என்ன அது?” என்றார் நல்லசிவம், கிசுகிசுப்பாக.

“பல்லைக் கடிக்குது.”

“அப்போ நான் உள்ளே பாத்தது?”

“வலியைக் காட்டுன முயலை நரி முதல்ல தூக்கிட்டுப் போயிடும் சார். காட்டாததோட வம்சம்தான் இதெல்லாம்.”

நல்லசிவம் படிவத்தை இழுத்தார். ‘காணப்படவில்லை’ என்பதை அடித்தார். செயப்பாட்டு வினை எப்போதும் ஆளை ஒளித்துவைக்கும். அலுவலகத்தில் முப்பது வருடம் அதைப் பயன்படுத்தியவருக்கு அது தெரியாததல்ல. ‘நான் இருந்தபோது முயல்கள் காட்டவில்லை. நான் போனபின் காட்டின. வலி இருக்கிறது. சோதனையை நீட்டிக்க வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மனசு லேசானது. பேனாவை மூடினார்.

டக்.

திரையில் பன்னிரண்டு ஜோடிக் காதுகள் நிமிர்ந்தன. நறநறப்பு நின்றது. முதுகுகள் நேரானது மட்டுமில்லை, இந்த முறை தலைகளும் திரும்பின. பன்னிரண்டு முகங்கள் தடுப்புச் சுவரைப் பார்த்தன, அதற்கு இந்தப்பக்கம் அவர் உட்கார்ந்திருந்த இடத்தை.

நல்லசிவம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். முகங்கள் விலகவில்லை.

“அதுங்களுக்காகத்தானே எழுதினேன் டாக்டர்,” என்றார், குரலை எழுப்பாமல். “நான் நரி இல்லையே.”

ஜமீலா குனிந்து அவர் காலைப் பார்த்தார். வாசலில் கொடுத்த நீல ரப்பர் செருப்பு.

“உள்ளே வர்ற எல்லாருக்கும் இதேதான் சார். கத்தி எடுத்துட்டு வர்றவருக்கும்.”