மதகைக் குகை என்று எழுதிய பண்டிதர்

வெகு காலத்துக்கு முன்னால் வெண்ணாவல் நாட்டை வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் ஒன்று தோன்றினால் மத்தியானத்துக்குள் அது நடந்தாக வேண்டும். ஒருநாள் அவனுக்கு, நாட்டிலுள்ள மலை, மேடு, ஆறு, வாய்க்கால், ஏரி, சுனை எல்லாவற்றையும் வகை பிரித்து ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. கடவுள் படைத்தது அரண்மனைக்கு. மனிதர் கையால் செய்தது, செய்த ஊருக்கு.

அந்த வேலை அவைப் பண்டிதர் ஞானபூஷணரிடம் போனது. அவருக்கு மருதங்காட்டு ஏரி மேல் ஒரு பொருமல் உண்டு. போன வருஷம் அதைப் பார்த்துவிட்டு வந்த ராஜா, ஒரு மாதம் அதன் அழகைப் பற்றியே பேசினான். பண்டிதர் பாடிய பாட்டுக்குத் தலைகூட ஆட்டவில்லை. பண்டிதர் ஏட்டில், ‘மருதங்காட்டில் இருப்பது ஏரி அன்று; தானாக உண்டான பொய்கை’ என்று எழுதினார். ராஜா படிக்காமலே முத்திரை குத்தினான். ஏரி அரண்மனைக்குப் போனது; காவலர்கள் வந்து மதகை அடைத்தார்கள். கரைக்குக் கீழே, பள்ளத்தில், பண்டிதருக்கு அரண்மனைச் செலவில் ஒரு மாளிகை எழும்பியது. வயலில் கதிர் விடும் சமயத்தில் பயிர் காய்ந்து சருகானது.

அந்த ஏரிக்கு மதகு திறக்கிறவள் ஒச்சாயி. முன்பு அவள் அண்ணன் கருத்தான் செய்த வேலை அது. வெள்ளத்தன்று மதகைத் திறக்க முங்கியவன் உயிரோடு மேலே வரவில்லை. மறுநாள் முதல் ஒச்சாயி முங்கினாள். இப்போது அது பொய்கை என்று காவலன் சொன்னபோது அவளுக்குக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. அண்ணன் எதற்காகச் செத்தான்? இரண்டு நாள் நடந்து அரண்மனைக்குப் போனாள்.

அங்கே அவள் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஏட்டில் சில பெயர்கள் விட்டுப்போயிருக்கின்றன, பண்டிதரே வகை சொல்லட்டும் என்றாள். ராஜாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது, கேட்கச் சொன்னான்.

“கரை என்று நாங்கள் சொல்கிறோமே, அது என்ன சாமி?”

பண்டிதர் பின்வாங்கினால் பொய் வெளிப்பட்டுவிடும். “அது குன்று. இயற்கையானது.”

“கரைக்கடியில் தண்ணீர் போகிற மதகு?”

“குகை.”

“நிறைந்தால் வழிகிற கலிங்கல்?”

“அருவி.”

அவை சிரித்தது. ஒச்சாயி சிரிக்கவில்லை. “அப்படியே எழுதுங்கள். கடவுள் செய்த குன்றிலும் குகையிலும் மருதங்காட்டார் கை வைக்கக்கூடாது என்றும் எழுதுங்கள், ராசா,” என்றாள். ராஜா சிரிப்போடு சிரிப்பாக அதற்கும் முத்திரை குத்தினான்.

ஐப்பசி வந்தது. பண்டிதர் மாளிகைக்குப் பால் காய்ச்ச நாள் பார்த்து ராஜாவையும் அழைத்திருந்தார். விருந்துக்கு இலை போட்டபோது மூன்றாவது நாளாக மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஏரி விளிம்புக்கு வந்துவிட்டது. கரையில் இரண்டு இடங்களில் சேறாகக் கசிந்தது. ஊர் வீடுகள் மேட்டில் இருந்தன. ஊரார் அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கசிந்த தண்ணீர் மாளிகை முற்றத்துக்கு வந்ததும் பண்டிதர் மேட்டுக்கு ஓடிவந்தார். பின்னாலேயே ராஜாவும் நனைந்துகொண்டு வந்தான்.

“ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? குன்றைப் பாருங்கள், கரைகிறது,” என்றார் பண்டிதர்.

“கடவுள் செய்த குன்று சாமி. எங்கள் கை படக்கூடாதென்று முத்திரை இருக்கிறது,” என்றாள் ஒச்சாயி.

“அந்தக் குகையையாவது திற.”

“குகைக்கு ஏது கதவு?”

ராஜா திரும்பிப் பண்டிதரைப் பார்த்தான். கரையில் ஒரு வண்டி மண் சரிந்து விழுந்தது. பண்டிதர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, “மதகு, அம்மா, மதகு. உங்கள் ஆட்கள் கட்டிய மதகு. கரையும் அவர்கள் போட்டதுதான். பொறாமையில் மாற்றி எழுதினேன்,” என்றார்.

ஒச்சாயி மதகுப் பக்கம் ஓடினாள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கடப்பாரையோடு முங்கினாள். ஊரார் மண்கூடைகளோடு கரைக்கு ஓடினார்கள். அவள் மூன்றாவது முறை மேலே வந்தபோது மதகு திறந்து தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. கரை நின்றது.

ராஜா அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொன்னான். ஏரி ஊருக்கு. காய்ந்த பயிருக்கு ஈடாக அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து நெல். பண்டிதர் மூன்று மழைக்காலம் இந்தக் கரைக்கு மண் சுமக்க வேண்டும். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி ஒச்சாயியிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. உடம்பு குளிரில் நடுங்கியது. கோபம் மட்டும் குறையவில்லை.

“படிக்காமல் முத்திரை குத்தியது எந்தக் கை, ராசா?”

ராஜா நீட்டிய மாலையைத் தாழ்த்தினான். பிறகு வலது கையைக் காட்டினான்.

“அந்தக் கையால் ஒரு கூடை மண் அள்ளுங்கள்.”

கூட வந்தவர்கள் வாளின் பிடியில் கை வைத்தார்கள். ராஜா அவர்களைக் கண்ணாலேயே நிறுத்திவிட்டுக் குனிந்து மண்ணை அள்ளினான். கூடையைத் தலையில் வைத்து, வழுக்கி வழுக்கிக் கரையேறி, கசிந்த இடத்தில் கொட்டினான்.

ஒச்சாயி வந்து பார்த்தாள். “சும்மா கொட்டினால் மழையில் கரைந்துவிடும்,” என்றாள். “மிதியுங்கள்.”

ராஜா செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தான்.