கொழிஞ்சி கேட்டு வாங்கிய கசப்பு

அந்தக் காலத்தில் மரமும் பேசிற்று, மண்ணும் பேசிற்று. ஆடுகளோ ஓயாமல் பேசின. கொழிஞ்சி என்னும் சிறு செடி அப்போது கரும்பைப் போலத் தித்தித்தது.

மழையை மட்டுமே நம்பிய மேட்டு நிலம் ஒன்றில் செங்கோடனும் அவன் மனைவி காவேரியாத்தாளும் கம்பு விதைத்து வாழ்ந்தார்கள். அறுவடை முடிந்ததும் நிலத்தைத் துடைத்து வைப்பதில் காவேரியாத்தாளுக்கு அப்படியொரு பெருமை! தாளைப் பிடுங்குவாள், சருகைக் கூட்டுவாள், தலைகாட்டும் களையையெல்லாம் கொத்தி எறிவாள். “என் காட்டுல சோத்தைக் கொட்டித் திங்கலாம்” என்பாள்.

ஐயோ, அந்தச் சுத்தமே வினையாயிற்று! மறைக்க ஓர் இலைகூட இல்லாத மண்ணை ஆடிக்காற்று அள்ளி அள்ளி வீசியது. ஆண்டுக்கு ஆண்டு கம்பு குட்டையானது. கடைசியில், விதைத்த அளவுகூடத் திரும்பவில்லை.

“ஏம்புள்ள, இந்தத் தடவையும் வெளையலீன்னா ஊரை விட்டுப் போயிர வேண்டியதுதான்” என்றான் செங்கோடன்.

வரப்போரம் நின்ற கொழிஞ்சி இதைக் கேட்டது. அதன் காலடியில் மண் முனகியது: “கொழிஞ்சி, என்னை வெயில் சுடுகிறது, காற்று உரிக்கிறது. போர்த்திக்கொள்ள எனக்கு எதுவுமே இல்லையே!”

“நான் நிலம் முழுக்கப் படர்ந்து மூடுவேனே! ஆனால் ஆடுகள் விட்டால்தானே?”

உண்மைதான். துளிர்விட்ட மறுகணமே பட்டியின் தலைவியான கிழட்டு வெள்ளாடு வந்து நிற்கும். “அடி என் சர்க்கரைக்கட்டி! உன்னை மாதிரி ருசி வேற எவகிட்டடி இருக்கு?” என்று கொஞ்சிக்கொண்டே கடிக்கும். அந்தக் கொஞ்சலோ கொழிஞ்சிக்கு மிகவும் பிடித்திருந்தது.

அன்று கொழிஞ்சி பக்கத்திலிருந்த வேம்பை நிமிர்ந்து பார்த்தது. “அண்ணா, உன் கசப்பில் எனக்கும் கொஞ்சம் தா.”

வேம்பு கிளை குலுங்கச் சிரித்தது. “பைத்தியமே! கசப்பைக் கேட்டு வாங்குவார் உண்டா? ஒருமுறை ஏறினால் இறங்காது. அப்புறம் ஒருவரும் உன்னைக் கொஞ்சமாட்டார்கள், ஏசுவார்கள்.”

“ஏசட்டும். மண் பிழைத்தால் போதும்.”

வேம்பின் சிரிப்பு நின்றது. தன் வேர் நுனியைக் கொழிஞ்சியின் வேரோடு சேர்த்தது. கொழிஞ்சி குடித்தது! தித்திப்பெல்லாம் எரிந்து போக, இலை நுனிவரை கசப்பு ஏறியது. அதன் காய்கள் படபடவென வெடித்து, விதைகள் நிலமெங்கும் தெறித்தன.

சித்திரை மழை விழுந்தது. முளைத்தன! படர்ந்தன! வெள்ளாடு துள்ளி ஓடிவந்து வாய் நிறையக் கடித்தது.

“த்தூ! என்னடி கருமம் இது? கிறுக்குப் பிடிச்சவளே, இனி உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்!”

பட்டி முழுவதும் அதன் பின்னாலேயே திரும்பிப் போயிற்று. கொழிஞ்சிக்கு உள்ளூர வலித்தது. ஆனால் நிலத்தில் ஓர் இலையும் குறையவில்லை. ஆடிக்காற்று வந்தது; இலைகளில் மோதிச் சீறியது; ஒரு பிடி மண்கூடக் கிடைக்காமல் போயிற்று!

காற்று ஓய்ந்தபின் களைக்கொத்தோடு வந்தாள் காவேரியாத்தாள். “என் காட்டை இப்படி அலங்கோலம் பண்ணிருச்சே!” என்று, ஊதாப் பூ பூத்திருந்த ஒரு செடியை வேரோடு பிடுங்கினாள். பிடுங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். வேரெங்கும் மணிமணியாய் முடிச்சுகள். அடியில் மண் கறுத்து, குளிர்ந்து, ஈரத்தோடு உதிர்ந்தது. ஒரு மண்புழு நெளிந்து உள்ளே போயிற்று.

“ஏனுங்க மாமா! ஓடியாங்க! மண்ணைத் தொட்டுப் பாருங்க!”

செங்கோடன் தொட்டான், முகர்ந்தான், ஒரு பிடி அள்ளி உதிர்த்துப் பார்த்தான். அப்போது கொழிஞ்சி சொன்னது: “பிடுங்கி வெளியே எறியாதே, தாயே. பூவோடு என்னை மடக்கி உழுதுவிடுங்கள். வரப்போரத்தில் மட்டும் கொஞ்சம் விட்டு வையுங்கள், விதைக்கு.”

“உசுரோட உழுகச் சொல்றியே, உனக்கு வலிக்காதா?” என்றாள் காவேரியாத்தாள்.

“ஆடு தின்றால் ஆட்டின் ஒருவேளைப் பசி தீரும். மண் தின்றால் உங்கள் நிலமே பசியாறும். பூட்டுங்கள் ஏரை!”

ஏர் ஓடியது. பச்சை இலையும் ஊதாப் பூவும் மண்ணுக்குள் புரண்டன. அவை மக்கியபின் விதைத்த கம்பு, புரட்டாசி மழையில் ஆளுயரம் எழுந்தது! கதிரின் கனம் தாங்காமல் தட்டைகள் சாய்ந்தன. ஊரை விட்டுப் போகும் பேச்சு அந்த வீட்டில் பிறகு எழவேயில்லை.

அன்பர்களே! இனிய சொல்லுக்கு மயங்கித் தம்மையே தின்னக் கொடுப்பவர் எத்தனை பேர்! ஏச்சைத் தாங்கியும் பிறரைக் காக்க நிற்பவர் மிகச் சிலரே! நீங்கள் அச்சிலரோடு நில்லுங்கள். கதிரை அறுத்த கையோடு நிலத்தை வெறுமேனியாய் விட்டுவிடாதீர்கள். சோறிட்ட மேனி அது, போர்த்துங்கள்!

வெள்ளாடு கொழிஞ்சியைக் கண்டதும் முகம் திருப்பிக்கொள்வது அன்று முதல்தான்; அந்தச் செடி பூத்த பருவம் பார்த்து உழவர் அதை மண்ணோடு மடக்கி உழுவதும் அன்று முதல்தான்.