அறுபது கிலோ மாப்பிள்ளை

அறிவு அடைமழையாகக் கொட்டிய நாளில் குடை பிடித்துக்கொண்டு நின்ற குடும்பம் ஒன்று கோம்பைமேட்டில் இருந்தது. அண்ணன் சடையாண்டி, தம்பிகள் ஒச்சு, மாயழகு. மூவரும் நல்லவர்கள். அதைத் தவிர அவர்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சடையாண்டிக்கு வந்த சம்பந்தமெல்லாம் வாசலோடு திரும்பிவிட்டது. கடைசியாகக் கள்ளிப்பட்டி வீரணன், மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். அந்தப் பக்கத்து வழக்கப்படி, பிடித்திருந்தால் பெண் வீட்டார் சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். சோறுதான் சம்மதம். சடையாண்டிக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை, பாவம்.

பக்கத்து வீட்டு மதினி பேச்சியம்மாள் நாற்று நடப் போகிற அவசரத்தில் சொல்லிவிட்டுப் போனாள்: "ஆறு படி அரிசி போடுங்க. படிக்கு ரெண்டு படி தண்ணி. தண்ணி வத்துனா வெந்துருச்சுன்னு அர்த்தம். எறக்கிட்டு எலையப் போடுங்க."

கடையில் அரிசி கிலோக் கணக்கு. "படிக்கு ஒன்றரைக் கிலோ. ஆறு படிக்கு ஒம்பது கிலோ" என்று கடைக்காரர் நிறுத்துக் கொடுத்தார். அத்தோடு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அண்ணே, அரிசி கிலோவுல வந்துருச்சு. தண்ணிய மட்டும் படியில ஊத்துனா ரெண்டும் எப்படிண்ணே ஒத்துப்போகும்?" என்றான் மாயழகு.

"ஒத்துப்போகாதுடா. பானைக்குள்ள சண்டைதான் வரும்" என்றான் ஒச்சு.

"என் கல்யாணத்துல சண்டை வேணாம்டா. தண்ணியையும் நிறுத்துருவோம்" என்றான் சடையாண்டி.

கடைக்காரரிடம் தராசை இரவல் வாங்கிக் கிணற்றடி வேப்பமரத்தில் கட்டினார்கள். ஒன்பது கிலோ அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்று ஒரு தட்டில் பதினெட்டுக் கிலோ எடைக்கல். இன்னொரு தட்டில் தண்ணீரை ஊற்றினார்கள். அது வழிந்து ஓடியது. மறுபடி இறைத்தார்கள், மறுபடி ஊற்றினார்கள். காலையில் தொடங்கி வெயில் உச்சிக்கு ஏறும்வரை ஊற்றியும் கல் இருந்த தட்டு தரையைவிட்டு எழவில்லை.

ஒச்சு தாடையைத் தடவினான். "தண்ணிக்கு எடையே கிடையாதுடா."

"அப்ப எவ்வளவு ஊத்துறது?" என்றான் மாயழகு.

"எடையே இல்லாததை ஊத்துனா என்ன, ஊத்தாட்டி என்ன?"

மூவருக்கும் அது நியாயமாகப் பட்டது. வெறும் அரிசியை அண்டாவில் கொட்டி அடுப்பை மூட்டினார்கள். வீரணன் வந்து சேர்ந்தபோது தெருமுழுக்கப் புகை. அண்டாவில் கரி.

சடையாண்டி வாய்விட்டு அழுதேவிட்டான். வீரணன் புகையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், நடந்ததையெல்லாம் கேட்டார். அவர் முகம் சிவந்தது.

"ஏம்ப்பா, தண்ணியப் போயி தட்டுல ஊத்துவாகளா? சாக்குல கட்டியில்ல நிறுக்கணும்!"

தம்பிகள் இருவரும் வாயைப் பிளந்தார்கள். இப்பேர்ப்பட்ட அறிவாளி சம்பந்தம் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஒச்சு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கு. ஆனா சாப்பிடாம எப்படிச் சம்மதம் சொல்ல?" என்றார் வீரணன். அண்டாவை எட்டிப் பார்த்தார். "அரிசிதான் கரியாப் போச்சு. ஆமா, மாப்பிள்ளை எத்தனை கிலோ?"

"அறுவது இருப்பாரு மாமா" என்றான் ஒச்சு.

"படிக்கு ஒன்றரைக் கிலோ. அப்ப நாப்பது படி மாப்பிள்ளை. நாப்பது படிக்கு எம்பது படி தண்ணி வேணும். எங்கப்பா இருக்கு?"

மூவரும் கிணற்றைக் காட்டினார்கள். உடனே சடையாண்டியின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, புது வேட்டியோடு உள்ளே இறக்கினார்கள். காலையிலிருந்து இறைத்த கிணறு. அவன் அடிவரை போய்ச் சேற்றில் நின்றுகொண்டு கத்தினான்: "மாமா, இங்க சொட்டுத் தண்ணியில்ல! எல்லாம் வத்திருச்சு!"

வீரணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"வத்திருச்சா? அப்ப மாப்பிள்ளை வெந்துட்டாரு. எலையப் போடுங்கப்பா!"